752 பேரில் 265 பேர்

நியூகாஸிலிலிருந்து மேற்கே கார்லைல் செல்லும் சாலையை விட்டுச் சற்று விலகினால், ஆடுகள் மேயும் மேட்டுநிலத்தில் விண்டோலாண்டா. வட இங்கிலாந்தின் இந்த ரோமானியக் கோட்டையில் மிஞ்சியிருப்பவை குட்டையான கற்சுவர்களும் கால் புதையும் ஈரமண்ணும்தான். கொஞ்சம் வடக்கே ஓடும் ஹேட்ரியன் சுவரின் கம்பீரம் இதற்கு இல்லை. ஆனால் சுவரில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது: ராணுவத்தின் அன்றாடக் கடுதாசிகள்.

கடுதாசி என்றால் அஞ்சலட்டை அளவிலான மெல்லிய மரச்சீவல்கள். மையால் எழுதப்பட்டவை. காற்றுப் புகாத சேறு அவற்றை மக்கவிடவில்லை. 1973இல் தொல்லியலாளர் ராபின் பர்லி முதல் சீவல்களைக் கண்டெடுத்தார். அவை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. சில மட்டும் கோட்டைக்குப் பக்கத்திலேயே உள்ள காட்சியகத்துக்குத் திரும்பி வந்திருக்கின்றன.

அவற்றில் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மே 18ஆம் தேதி எழுதிய ஆள் கணக்கு. துங்க்ரியர்களின் முதல் கோஹார்ட், தளபதி ஜூலியஸ் வெரகுண்டஸ். மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் கோட்டையில் இல்லை. 337 பேர் பக்கத்துக் கோட்டையான கோரியாவில். 46 பேர் ஆளுநரின் காவலுக்கு. லண்டனில் ஒரு செஞ்சூரியன். கோட்டையில் இருந்த 296 பேரிலும் 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்நோய். ஆக, சண்டைக்குத் தேறியவர்கள் 265. பேரரசின் எல்லை என்று வரைபடத்தில் அழுத்தமாகக் கிழிக்கும் கோட்டை அன்று இங்கே தாங்கி நின்றவர்கள் இவ்வளவுதான்.

இவர்கள் ரோமானியர்களும் அல்ல. இன்றைய பெல்ஜியத்தின் டோங்கரன் வட்டாரத்தவர்கள். ரோம் வென்று அடக்கிய இனம். குடியுரிமை உள்ளவர்களுக்கு லீஜியன் படை, இல்லாதவர்களுக்குத் துணைப்படை. 25 ஆண்டு உழைத்தால் குடியுரிமை. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

அதன் கணக்கு எப்படிப்பட்டது என்பதை வரலாற்றாசிரியர் டாசிடஸ் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கி.பி. 83 வாக்கில் ஸ்காட்லாந்தில் நடந்த கிரௌபியஸ் மலைப் போரில் அவருடைய மாமனார் அக்ரிகோலா துணைப்படையை முன்னே விட்டு, லீஜியன்களைப் பின்னே நிறுத்தினார். ரோமானிய ரத்தம் சிந்தாமல் கிடைக்கும் வெற்றிக்குப் பெருமை அதிகமாம். எதிரியோடு வாள் கலக்க முதலில் ஏவப்பட்டவர்கள் படேவியர்களும் துங்க்ரியர்களும்.

வென்றவர்களின் பார்வை இவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. உள்ளூர்ப் பிரிட்டானியர்களை 'பிரிட்டன்குலி' என்று இளக்காரமாகக் குறிப்பிடுகிறது ஒரு சீவல். 'பிரிட்டன் பொடியன்கள்' என்று சொல்லலாம். எழுதியவர் துங்க்ரியரா, அடுத்து வந்த படேவியரா, யாராக இருந்தாலும் அவருடைய பாட்டனாரை ரோமானியர்கள் இதைவிட மரியாதையாக அழைத்திருக்க மாட்டார்கள்.

மற்றச் சீவல்களில் காலுறை, உள்ளாடை, பியர் தீர்ந்துபோன புலம்பல், பிறந்தநாள் அழைப்பு. ஒரு கணக்குப் பட்டியலில் டாப்போவின் மகன் காம்பாக்ஸ் என்ற சிப்பாயின் பெயருக்கு நேரே இரண்டு டெனாரியஸ். பொருள்: மிளகு. அந்நாளில் ரோமுக்கு மிளகு கப்பலேறியது பெரும்பாலும் சேரர் கரையிலிருந்து. செங்கடல், அலெக்சாந்திரியா, இத்தாலி என்று கைமாறி, கடைசியில் இந்தக் குளிர்மேட்டில் ஒரு சிப்பாயின் கஞ்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.