பெயரின் நீளம்

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டினம் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது குப்பனூர். நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் அங்கிருந்து மிளகு, காப்பிக்கொட்டை, புளி ஆகியவற்றை இணையத்தில் விற்கிறார். “ஐயா, தேடினால் எங்கள் பக்கங்கள் வருகின்றன, எவரும் உள்ளே வருவதில்லை. தலைப்புகளைச் சற்றுப் பார்க்க வேண்டும்” என்றார். ஆடிக்குள் விற்பனை கூடாவிட்டால் கடையை மூடிவிட்டுச் சேலத்தில் வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாராம்.

மிளகுப் பக்கத்தின் தலைப்பு இது: ‘சேர்வராயன் மலை ஏற்காடு இயற்கை முறையில் விளைந்த கலப்படமற்ற முதல்தரக் கருமிளகு குறைந்த விலையில் இணையத்தில் வாங்க 250 கிராம்’. 15 சொற்கள். இறுதியில் கடைப்பெயரை அவர் ஒருமுறை இட்டிருக்க, கடை மென்பொருள் தானும் ஒருமுறை ஒட்டியிருந்தது. காப்பிக்கும் புளிக்கும் முதல் ஏழு சொற்கள் அவையே.

தலைப்புக்கு இத்தனை எழுத்து என்று கூகுள் வரம்பு விதிக்கவில்லை. ஆயினும் தேடல் முடிவில் திரையகலத்துக்கு அடங்குவதை மட்டும் காட்டி, எஞ்சியதை வெட்டிவிடுகிறது. நம் ‘ணை’யும் ‘ஞௌ’வும் அகலமான எழுத்துகள், தமிழ்த் தலைப்பு விரைவில் வெட்டுப்படும். ஆகவே மூன்று பக்கங்களும் ஒரே முகத்தோடு நின்றன. எது மிளகு, எது புளி என்பது வெட்டுப்பட்ட பகுதியில் கிடந்தது. 2021 ஆகஸ்டு முதல், சொல் திணித்த தலைப்பைக் கைவிட்டுப் பக்கத்தினுள் உள்ள வேறொரு வரியைக் கூகுளே எடுத்துக் காட்டுவதும் உண்டு.

நிற்க. நன்னூற் பாயிரத்தில் பவணந்தியார் நூலுக்குரிய பத்து அழகினுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்தார். மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் குற்றத்துள் சேர்த்தார். நூல் எவற்றால் பெயர் பெறும் என்றும் அங்கே ஒரு நூற்பா உண்டு: செய்தவரால், பொருளால், அளவால், இன்ன பிறவற்றால். ஆக, ‘250 கிராம்’ என்பதற்கு இலக்கணம் இருக்கிறது! ‘குறைந்த விலையில் வாங்க’ என்பதற்கு நாம் தேடியவரை இல்லை.

‘கருமிளகு 250 கிராம் – ஏற்காடு’ என்று மாற்றினோம். கடைப்பெயர் ஒருமுறை போதும். அடைமொழிகள் விளக்கப் பகுதிக்குச் சென்றன. பக்க முகவரிகளைத் தொடவில்லை. பழைய இணைப்புகள் உடையலாகாது.

புளியில்தான் வழக்கு வந்தது. மிளகும் காப்பியும் மலைத்தோட்டத்தில் விளைந்தவை. சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே காப்பியைக் கொணர்ந்தவர் என்பர். புளியோ குப்பனூர் மரங்களில் உலுக்கியது. அதற்கும் ‘ஏற்காடு’ என்றே போட்டிருந்தார்.

“குப்பனூரை யார் ஐயா தேடுவார்கள்?”

கடை நிலைப்பதே ஐயமாயிருக்கும்போது எழுந்த கேள்வி. எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. “வாங்கியவர் பொட்டலத்தைத் திருப்பி முகவரியைப் படிப்பார், தம்பி” என்றோம். வெகுநேரம் பேசாதிருந்தார். பின் ‘குப்பனூர் புளி 1 கிலோ’ என்று தட்டச்சு செய்தார்.

“குப்பனூர்ப் புளி. ஒற்று மிகும்” என்றோம்.

“தேடுகிறவர் யாரும் ஒற்றுப் போட்டுத் தேடுவதில்லை, ஐயா.”

ஊரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒற்றை நாம் விட்டுக்கொடுத்தோம்.