எல்லாம் ஒரே கதைதான்!

என் மகள் யாழினிக்கு எட்டு வயது. எனக்கு நாற்பத்தொன்பது. கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கொங்கு நாட்டில் மாப்பிள்ளைக்குப் பெண் கிடைக்க எத்தனை வருஷம் ஆகும் என்பது, டிபன் பாக்ஸோடு ஜாதக நகலையும் ஆபீஸுக்குக் கொண்டுவரும் தம்பிகளுக்கு நன்றாகவே தெரியும்.

பீளமேடு பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் எனக்கு அக்கவுன்ட்ஸ் வேலை. வீட்டில் ஓர் அலமாரி நிறையப் புத்தகம். விருந்தாளி வந்தால் காபி வருவதற்கு முன்பே அதைக் காட்டிவிடுவேன். அப்பேர்ப்பட்டவனின் மகள் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்றால் மானம் போகாதா? கொடிசியா புத்தகத் திருவிழாவுக்குப் போய்ப் பை கனக்க வாங்கி வந்தேன். விஞ்ஞானிகள் வரலாறு, தலைவர்கள் வரலாறு, நீதிக் கதைகள்...

யாழினி அவற்றைப் பயன்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. நாலைச் சுவராக நிறுத்தி, ஒன்றைக் கூரையாகப் போட்டு, பொம்மைக்கு வீடு கட்டினாள்.

அப்புறம்தான் எதிர் வீட்டுப் பாப்பா ஒரு புத்தகம் கொடுத்தது. மெலிசான இங்கிலீஷ் புத்தகம். அட்டையில் இறக்கை வைத்த ஒரு குட்டி தேவதை. அன்று ராத்திரி போர்வைக்குள் வெளிச்சம் தெரிய, போனைத் திருடிவிட்டாள் என்று போர்வையை இழுத்தேன். போன்தான், ஆனால் டார்ச்சுக்காக! இன்னொரு கையில் தேவதை.

ஒரே மாசத்தில் பதினாலு புத்தகம். சாப்பிடும்போது தேவதை, தலை பின்னும்போது தேவதை. "ஏனுங்க, இப்பவாச்சும் சந்தோசமா?" என்றாள் என் மனைவி. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டியதுதான். ஆனால், ஆடிட் பண்ணிப் பழகிய புத்தி சும்மா இருக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றை எடுத்துப் படித்தேன். அரை மணியில் முடிந்தது. ரெயின்போ மேஜிக் என்ற வரிசை. 2003-ல் பிரிட்டனில் ஆரம்பித்தது. வானவில்லின் ஏழு நிறத்துக்கும் ஆளுக்கொன்றாக ஏழு தேவதைகள். ஜாக் ஃப்ராஸ்ட் என்கிற பனிக்கார வில்லன் மந்திரம் போட்டு அவர்களைத் துரத்திவிடுகிறான். லீவுக்குத் தீவுக்கு வந்த ரேச்சல், கிர்ஸ்டி என்ற இரண்டு சிறுமிகள், புத்தகத்துக்கு ஒருத்தியாகத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். இடையில் வில்லனின் குட்டிச்சாத்தான்கள் வந்து கெடுக்கும். கடைசியில் சுபம்.

இரண்டாவதை எடுத்தேன். அதே வில்லன், அதே சிறுமிகள், அதே சுபம். நிறம் மட்டும் வேறு. நிறம் ஏழும் தீர்ந்ததும் வானிலைக்கு ஏழு தேவதைகள், நகைக்கு ஏழு, செல்லப் பிராணிக்கு ஏழு... இப்படியே இருநூறு புத்தகத்தையும் தாண்டிவிட்டது வரிசை. அட்டையில் இருக்கும் டெய்ஸி மெடோஸ் என்ற எழுத்தாளர் அம்மாவைப் பற்றி விசாரித்தால், அப்படி ஒருவரே கிடையாது! பல பேர் ஆளுக்குச் சிலதாக எழுதி, ஒரே பெயரில் போடுகிறார்கள்.

போலி வவுச்சரைப் பிடித்த ஆடிட்டர் மாதிரி மகளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மிணி, இது எல்லாம் ஒரே கதை. பேரை மாத்தி மாத்திப் போட்டு உன்னை ஏமாத்தறாங்க. இந்த டெய்ஸின்னு ஒரு ஆளே இல்ல, தெரியுமா?"

அவள் முகம் சுருங்கியது. ஒன்றும் பேசாமல் போய், கணக்கு நோட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. "டியர் டெய்ஸி ஆன்ட்டி" என்று ஆரம்பித்தது. மூன்று வரி எழுதச் சொன்னால் வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிற பெண்!

"அப்ப இத யாருக்குப்பா அனுப்பறது?"

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத அப்பாக்கள் என்ன செய்வார்களோ, அதைச் செய்தேன். "போய் நல்ல புத்தகமாப் படி" என்று அதட்டி, பதினாலையும் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டேன்.

நல்ல புத்தகத்தையும் அவள் படிக்கவில்லை. பொம்மை வீட்டுக்கு மாடி எழும்பியது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து, கண் டெஸ்ட்டுக்காகச் சோமனூரிலிருந்து என் அப்பா வந்தார். வாழ்நாளெல்லாம் விசைத்தறி ஓட்டியவர். காது கொஞ்சம் மந்தம், பார்வை கொஞ்சம் மங்கல். ஆனால், வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பது மட்டும் வந்த பத்தாவது நிமிஷம் தெரிந்துவிடும்.

பேத்தியிடம் விசாரித்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏண்டா, புள்ள படிக்கிற புஸ்தகத்தைப் புடுங்கி வெச்சியாமா?"

"எல்லாம் ஒரே கதைங்கப்பா. படிச்சு ஒண்ணுக்கும் ஆகாது."

சொல்லி முடித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. காரணம், அது என் வசனம் இல்லை. அவருடையது. 1986-ல் சொன்னது.

அப்போது நான் அஞ்சாம் வகுப்பு. தார் சுற்றுகிற காசில் மிச்சம் பிடித்து அம்புலிமாமா வாங்குவேன். 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாசம் முன்னால், நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் ஆரம்பித்த பத்திரிகை. அதில் மாசா மாசம் விக்கிரமன், வேதாளம். மூலத்தில் இருப்பது இருபத்தைந்து கதைதான். அது தீர்ந்த பிறகும் புதுசு புதுசாகக் கட்டி, பல வருஷம் ஓட்டினார்கள். ஒவ்வொரு மாசமும் அதே ராஜா, அதே மரம், அதே வேதாளம், அதே கேள்வி. ராஜா வாய் திறந்தால் வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும்.

தோளில் பிணமும் கையில் வாளுமாக ராஜா நடந்து வருகிற அந்தப் படம் ஞாபகம் இருக்கிறதா? வரைந்தவர் சங்கர். 1924-ல் ஈரோடு பக்கத்துக் கிராமத்தில் பிறந்த நம்ம ஊர்க்காரர். 2020-ல் காலமானார், மறு வருஷம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அம்புலிமாமாவும் இப்போது இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டினேன்.

ஒரு நாள் கணக்குப் பரீட்சையில் பதினெட்டு மார்க். அப்பா "எல்லாம் ஒரே கதை, படிச்சு ஒண்ணுக்கும் ஆகாது" என்று கையிலிருந்த அம்புலிமாமாவைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டார். வேதாளம் கேள்வி கேட்டு முடித்திருந்தது. ராஜா சொன்ன பதிலை நான் படிக்கவில்லை.

அதைப் பற்றி அப்பாவும் நானும் அப்புறம் பேசியதே இல்லை. தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும் என்பது வேதாளத்தின் விதி. எங்கள் இரண்டு பேருக்கும் வெடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அப்பா மெதுவாகச் சொன்னார். "தறியில நாடா என்னடா பண்ணுது? இந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் வருது. ஒரே மாதிரிதான். அப்பிடிப் போயிப் போயி வந்தாத்தாண்டா துணி."

பரணிலிருந்து கட்டை இறக்கினேன்.

அன்று ராத்திரி யாழினி அப்பாரு பக்கத்தில் உட்கார்ந்து, இங்கிலீஷில் ஒரு பக்கம் படிப்பதும் தமிழில் சொல்வதுமாக இருந்தாள். முதல் புத்தகத்தில் வரிக்கு வரி விரல் வைத்துத் தடவியவள், இப்போது நிற்கவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. கதை எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிவதால், அவள் பலமெல்லாம் புது வார்த்தைக்குப் போகிறது. தெரிந்த பாதையில் சைக்கிள் பழகுகிற மாதிரி. பாதையும் புதுசு, சைக்கிளும் புதுசு என்றால் விழத்தானே செய்வோம்? நான் குறையென்று கண்டுபிடித்ததுதான் அவளுக்குக் கைப்பிடி.

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "அம்மிணி, டெய்ஸின்னு ஒருத்தர் இல்லைதான். ஆனா எழுதினவங்க நிறையப் பேர் இருக்காங்க. லெட்டரை புத்தகக் கம்பெனிக்கு அனுப்பலாம். அவங்க எல்லாருமே படிக்கட்டும்."

"நெறையப் பேரா? அப்ப 'டியர் ஆன்ட்டீஸ்'னு மாத்தணும்" என்று ரப்பரைத் தேடப் போனாள்.

அப்பா கூரையைப் பார்த்தபடி கேட்டார். "ஏஞ்சாமி... அன்னிக்கு அடுப்புல போட்டனே, அதுல ராசா என்ன பதிலு சொன்னாரு?"

"தெரியாதுங்கப்பா. அந்தப் பக்கத்துக்கு நான் போறதுக்குள்ள எரிஞ்சிருச்சு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "போட்டிருக்கக் கூடாது" என்றார்.

வாய் திறந்தாகிவிட்டது. அப்புறம் என்ன நடக்கும் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. மறுநாள் காலையில், நான் ஆபீஸுக்கு ஹெல்மெட்டை மாட்டும்போது, யாழினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, பதினாலும் முடிஞ்சுது. பதினஞ்சாவது எப்ப?"

வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது. நான் வண்டியை எடுத்தேன்.