பர்லியாற்றில் ஒரு மணி நேரம்

பர்லியாற்றில் இறங்கி மங்குஸ்தான் வாங்காமல் குன்னூருக்குப் போகிறவர்கள் இருந்தால், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரயாணம் செய்கிறவர்களாகத்தான் இருக்க வேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாற்றின் பாக்குத் தோப்புகளைக் கடந்து, மலைப்பாதையில் ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வருகிறது அந்தச் சிற்றூர். ஒரு பக்கம் அரசாங்கப் பழப் பண்ணை. கிராம்பு, ஜாதிக்காய், துரியன் எல்லாம் அங்கே விளைகின்றன. சாலை ஓரத்தில் வரிசையாகப் பழக்கடைகள். ஜூலை மாதமென்றால் கூடை கூடையாக மங்குஸ்தான். கடைக்கு எதிரே, வாங்குகிறவர் ஏமாறும் தருணத்துக்காகக் காத்திருக்கும் குரங்குகள். சமவெளியின் வெக்கை அங்கே இன்னும் முழுவதும் விடுவதில்லை. மலையின் குளிர்ச்சியும் முழுவதும் வந்து சேர்வதில்லை.

அந்த அரைகுறை வெக்கைதான் எங்கள் காலை வாரிவிட்டது.

கோவையிலிருந்து நாங்கள் மூவர் புறப்பட்டோம். என் நண்பர், அவருடைய தகப்பனார், நான். நான்காவதாக ஒரு கார் என்றும் சொல்ல வேண்டும். ஏனென்றால், அன்றைய பிரயாணமே அதற்காகத்தான். வயது ஏறக்குறைய அறுபது. அந்தக் காலத்தில் நம் நாட்டுச் சாலைகளை ஆண்டவை மூன்று: கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் பிறந்த அம்பாஸடர், பம்பாய் குர்லாவில் பிறந்த பியட், நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எங்கள் கார் இந்த மூன்றில் எது என்று சொல்லப் போவதில்லை. நடந்த சங்கடத்தில் குற்றம் அதன்மேல் இல்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் மூன்றில் எது நின்றிருந்தாலும் அதே வேலையைத்தான் செய்திருக்கும்.

காரை விற்பதற்காகத்தான் மலை ஏறினோம். நண்பரின் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். அங்கே கார் ஷெட்டுக்கு இடமில்லை. குன்னூரில் பழைய கார்களில் பிரியமுள்ள ஒரு டாக்டர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. "லாரியில் ஏற்றி வந்தால் பாதி விலை, சொந்தக் காலில் மலை ஏறி வந்தால் முழு விலை!"

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். எங்களுக்கு முன்னால் சுமை லாரி ஒன்று ஊர்ந்தது. அதன் பின்னால் நாங்களும் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறினோம். பர்லியாறு வந்தது. நண்பர் நிறுத்தினார். பழம் வாங்கினோம், ஆளுக்கு நாலு தின்றோம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்ப வந்து சாவியைத் திருப்பினால், செல்ப் மட்டும் 'கிர்ர் கிர்ர்' என்று சுற்றுகிறது. எஞ்சின் மௌன விரதம்!

கார் நின்றுவிட்டால் நம் ஊரில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. "பேட்டரிதானுங்க போயிருச்சு" என்றார் ஒருவர். "கார்புரேட்டர்ல குப்பை" என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "தள்ளிப் பார்த்தரலாமுங்க" என்று பின்னால் போய் நின்றார். நண்பர் செல்போனில் கோவை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டே, மறு கையால் விடாமல் செல்பைத் திருகிக்கொண்டிருந்தார். டாக்டர் குறித்திருந்த நேரம் மூன்று மணி. நண்பர் முகத்தில் வேர்வை.

பின் ஸீட்டில் இருந்த பெரியவர் கதவைத் திறந்துகொண்டு மெதுவாக இறங்கினார்.

"அப்பா, நீங்க எதுக்குங்க வெயில்ல இறங்கறீங்க? பேசாம உக்காருங்க."

பெரியவர் உட்காரவில்லை. "செல்ப்பை விடு கண்ணு. நல்லாச் சுத்துற பேட்டரியையும் கொன்னு போடாதே" என்றார். பிறகு பின்னால் நின்றவரைப் பார்த்து, "தம்பி, தள்ள வேண்டாமுங்க. தள்ளுனா எஞ்சின் சுத்தும். அதைத்தான் செல்ப்பே செய்யுதே! சுத்துறதுல குறை இல்லை. குறை வேற எங்கியோ" என்றார்.

வைத்தியர் கூட்டம் சற்று அடங்கியது. அந்த ஒரு வாக்கியத்தில் பேட்டரி, செல்ப், தள்ளுவது மூன்றும் பட்டியலிலிருந்து போய்விட்டன.

அடுத்து, பிளக் ஒன்றைக் கழற்றச் சொன்னார். அதை அதன் ஒயரிலேயே மாட்டி, எஞ்சின் உடம்பில் படும்படி வைத்து, கையை எடுத்துக்கொண்டு, செல்பை ஒரு தரம் திருப்பச் சொன்னார். பிளக் முனையில் பளிச்சென்று நீலப் பொறி. "மின்சாரமும் சரி. இனிப் பெட்ரோலைத்தான் கேக்கோணும்."

பிளக்கைத் திரும்ப மாட்டியாயிற்று. பெட்ரோலைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு காரியங்கள் செய்தார். காயிலிலிருந்து வரும் நடு ஒயரைக் கழற்றச் சொன்னார். வேடிக்கை பார்த்தவர்களில் பீடியும் கையுமாக நின்றவரைத் தூரத்துப் புளியமரத்துக்கு அனுப்பினார். "பெட்ரோலும் பொறியும் ஒரே நேரத்துல வெளியே வரக்கூடாதுங்க" என்று அவருக்கு ஒரு சமாதானம். பிறகு கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, பழக்கார அம்மாளிடம் வாங்கிய எவர்சில்வர் டம்ளருக்குள் அதன் முனையை விட்டு, செல்பைத் திருப்பச் சொன்னார்.

டம்ளரில் பெட்ரோல் 'சளக் சளக்' என்று விட்டுவிட்டு விழ வேண்டும். விழவில்லை. கொஞ்சம் நுரை வந்தது. அப்புறம் வெறும் காற்று. டாங்கியிலோ பாதிக்கு மேல் பெட்ரோல்!

"ஆவி கட்டிக்கிச்சு" என்றார் பெரியவர்.

வாசகர்களில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வியாதி தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் காரில் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். பின்னால் உள்ள டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்து, கார்புரேட்டருக்குத் தள்ளும். கார் ஓடும்போது எதிர்க்காற்றும் விசிறியும், பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கும் புதுப் பெட்ரோலும் பம்பைச் சூடேறாமல் காக்கின்றன. மலை ஏறிய களைப்போடு எஞ்சினை நிறுத்தினாலோ, காற்றும் நிற்கிறது, ஓட்டமும் நிற்கிறது. எஞ்சினின் சூடு மட்டும் நிற்பதில்லை. அது மெல்லப் பம்புக்கும் குழாய்க்கும் பரவுகிறது. உள்ளே இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. மலை உயர உயரக் கொதிப்பதும் சுலபம். பம்பினால் திரவத்தைத் தள்ள முடியும். ஆவியை நசுக்க முடியுமே தவிர, நகர்த்த முடியாது. இந்தக் காலத்துக் கார்களில் பம்பு டாங்கிக்குள்ளேயே பெட்ரோலில் முங்கி நின்று அழுத்தத்தோடு தள்ளுகிறது. அதனால் புதுக் கார்க்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் அநேகமாக இல்லை. மெக்கானிக்குகளிலும் இளைஞர்கள் பலர் இதைப் பார்த்ததே இல்லை.

"என்னங்கப்பா செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். கொஞ்சம் தண்ணி, ஒரு துண்டு, கால் மணி நேரம்."

நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் விற்கத் தடை. பழக்கார அம்மாள்தான் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தார். பெரியவர் தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பிழிந்து, பம்பின்மேலும் குழாயின்மேலும் போர்த்தினார். "கொதிக்கிற எஞ்சின்மேல ஊத்திறாதே, இரும்பு வெடிச்சுப் போகும். பம்புக்கு மட்டும்" என்றார். பானெட் திறந்தே இருந்தது. எல்லோரும் உட்கார்ந்தோம். "அந்த மலை ரயிலே ஹில்குரோவ்ல நின்னு தண்ணி குடிச்சிட்டுத்தான் குன்னூர் போகுது. இது குடிச்சா என்ன?" என்றார்.

துண்டு காயக் காய மறுபடி நனைத்தார். அப்போதுதான், யாருக்கும் சொல்லாதவர் போலச் சொன்னார்: "மே மாசம் மே மாசம் ஊட்டிக்கு வருவோம். இதே இடத்துலதான் நிறுத்துவேன். நான் எஞ்சினை அணைக்கிறதுக்குள்ள உங்கம்மா கூஜாத் தண்ணியில துண்டை நனைச்சுக் கையில வெச்சிருப்பா. உங்களுக்குப் பழம் வாங்கிக் குடுத்துட்டு வர்றதுக்குள்ள வண்டி தயாரா இருக்கும். ஒரு தரம்கூட நின்னதில்லை."

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. "இதை நீங்க எனக்குச் சொன்னதே இல்லைங்களேப்பா" என்றார்.

"நீ கேக்கவே இல்லையே கண்ணு" என்றார் பெரியவர். அதில் கோபம் இல்லை.

குழாயை மாட்டி, காயில் ஒயரைச் செருகி, நண்பர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு தரம் இருமியது, அணைந்தது. இரண்டாவது தரம் பிடித்துக்கொண்டது. புளியமரத்தடியிலிருந்து பீடிக்காரர் கை தட்டினார்!

குன்னூருக்குப் போகும்போது மணி இரண்டேமுக்கால். டாக்டர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பேசியபடி முழு விலையையும் கொடுத்தார். நண்பர் கையெழுத்துப் போட்டார். பெரியவர் சாவியைக் கொடுத்துவிட்டு, இன்னும் ஈரம் காயாத துண்டையும் தோளிலிருந்து எடுத்து நீட்டினார்.

"இதுவும் வண்டியோட சேர்ந்ததுங்க. மலை ஏறி வந்து நிறுத்துனா நனைச்சுப் பம்பு மேல போடுங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க. பழைய ரப்பர் குழாய்க்கு அது ஆகாது, அதையும் மாத்திருங்க."

டாக்டர் துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இறங்கும்போது பஸ்ஸில் வந்தோம். பர்லியாற்றில் பஸ் நின்றது. நண்பர் கீழே இறங்கி ஓடினார். நாலு பழம் வாங்கி வருவார் என்று நினைத்தேன். ஒரு கூடையே வாங்கி வந்தார். பஸ் கிளம்பியதும் ஒரு பழத்தை உடைத்துத் தகப்பனார் கையில் வைத்து, "அப்பா, அந்தக் காலத்துல ஊட்டிக்கு வர்றப்ப முதல்ல எங்கீங்க நிறுத்துவீங்க?" என்று கேட்டார்.

பெரியவர் சொல்லத் தொடங்கினார். மேட்டுப்பாளையம் வந்தபோதும் அவர் முடிக்கவில்லை.