மடித்து வைத்த விடுதலை

நமது கதைகளில் விடுதலை என்பது பெரும்பாலும் ஒரு கதவு. அது திறக்கும், பெண் வெளியே வருவாள், கதை முடிந்துவிடும். பிரித்தானியத் தேசிய சுவடிகள் கூடத்தில் உள்ள பெண் கைதிகளின் விடுதலைப் பத்திரங்களைப் பற்றி வாசித்த பிறகு, அந்த முடிவை என்னால் எளிதில் நம்ப முடிவதில்லை.

1853இல் தஸ்மானியா கைதிகளை ஏற்பதை நிறுத்தியது. நாடுகடத்த வழியில்லாதவர்களை இங்கிலாந்து தன் மண்ணிலேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டின் சட்டம் கடூழியத் தண்டனையைக் கொண்டுவந்தது. தண்டனை முடியும் முன்னரே ஒருவரை நிபந்தனையோடு வெளியே விடவும் அது வழிசெய்தது. இலண்டனில் பிரிக்ஸ்டன் சிறை பெண்களுக்கென்றே திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பின்னாளில் நடத்தைக்கும் உழைப்புக்கும் புள்ளிகள் இடப்பட்டன. பெண்கள் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்குவரை குறைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு நான்கில் ஒரு பங்கு.

வெளியே வருபவளின் கையில் அச்சடித்த ஒரு தாள் கொடுக்கப்படும். மகாராணியார் கருணைகூர்ந்து அளித்தது என்று அது தொடங்கும். நிபந்தனைகளையும் அதுவே சொல்லும். தாளைப் பத்திரமாக வைத்திருந்து நீதவானோ பொலிஸாரோ கேட்கும்போது காட்ட வேண்டும். சட்டத்தை மீறக் கூடாது. கெட்ட பெயர் எடுத்தவர்களோடு பழகக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழி இல்லாமல் சோம்பியும் ஒழுக்கங்கெட்டும் வாழக் கூடாது.

அடையாள அட்டை இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போகாத காலமொன்றைக் கடந்து வந்தவள் நான். முதலாவது நிபந்தனையின் பாரம் எனக்கு விளங்குகிறது. கடைசி நிபந்தனைதான் இன்னும் உறுத்துகிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் நற்சான்று கேட்ட காலம் அது. அவளிடம் இருந்ததோ இந்தத் தாள் மட்டும். அதைக் காட்டினால் வேலை கிடைப்பது அரிது. வேலை இல்லாவிட்டால் பிழைப்பு வழி இல்லை என்ற குற்றம்.

இந்தச் சிக்கலை அதிகாரிகளும் உணர்ந்திருந்தனர். அதனால்தான் 1856இல் புல்ஹாமில் ஒரு புகலிடம் திறக்கப்பட்டது. நன்னடத்தையுள்ள பெண்கள் இறுதிக் காலத்தில் அங்கே சலவையும் சமையலும் பழகினர். டப்ளினில் கருணைச் சகோதரிகளின் கோல்டன்பிரிட்ஜ் இல்லம் இதே வேலையைச் செய்தது. வாழ்நாள் தண்டனை பெற்ற புளோரன்ஸ் மேபிரிக் 1904 ஜனவரியில் அயில்ஸ்பரிச் சிறையை விட்டபோதும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. ட்ரூரோ நகரில் கன்னியர் இல்லமொன்றில் பல மாதங்கள் தங்கிய பின்னரே அமெரிக்கா சென்றார். அவர் நூல் எழுதினார். உலகம் அவரை அறிந்தது. மற்றவர்களுக்கு அவர்களது கோப்புகள்தாம் நூல்.

அந்தக் கோப்புகள் வயது, தொழில், சமயம், எழுத வாசிக்கத் தெரியுமா, திருமணமானவரா, எத்தனை பிள்ளைகள், நெருங்கிய உறவினர் யார் என்றெல்லாம் கேட்கின்றன. பிற்காலக் கோப்புகள் சிலவற்றில் புகைப்படமும், யாருக்குக் கடிதம் எழுதினாள் என்ற பதிவும் உண்டு. எல்லாம் கண்காணிப்பதற்காக எழுதப்பட்டவை. பிள்ளைகளின் எண்ணிக்கை ஓர் இலக்கமாக நிற்கிறது. அந்தப் பிள்ளைகள் அத்தனை ஆண்டுகளும் யார் வீட்டில் உண்டார்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

ஆனாலும் இந்த எழுதுவினைஞர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. சலவைக்காரிகளையும் வேலைக்காரிகளையும் பற்றி அக்காலத்தில் வேறு யார் இவ்வளவு எழுதி வைத்தார்கள்? சந்தேகம்தான் அவர்களைக் காப்பாற்றி நம்மிடம் தந்திருக்கிறது. அன்பு அவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. எழுதுகிறவர்கள் நாம் கடன்பட்டிருப்பது அந்த இடத்தில்தான்.