கடலில் வீடு... கரையில் அம்மா, அப்பா! - கிரெனடாவில் கரையேறும் பாய்மரப் படகுகள்

கரீபியன் கடலின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது கிரெனடா. பரப்பளவு 344 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியைவிடச் சிறிய தீவு நாடு. ஜாதிக்காய்க்குப் பேர்போன ஊர் என்பதால் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. தீவின் தென்கரை நெடுக பிரிக்லி பே, மவுன்ட் ஹார்ட்மன் பே என்று அடுத்தடுத்து குடாக்கள். ஜூன் பிறந்துவிட்டால் இங்கே பாய்மரப் படகுகள் வந்து குவியும்.

பெரும்பாலும் 35 முதல் 45 அடி நீளப் படகுகள். உள்ளே படுக்கை, குட்டி சமையல் மேடை, மேலே சோலார் தகடு. அதுதான் வீடு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், பிரான்ஸ் என்று பல நாட்டுக்காரர்கள், ஊரில் வீட்டை விற்றுவிட்டோ வாடகைக்கு விட்டோ வருடக்கணக்கில் கடலில் வாழ்கிறார்கள். பலருக்கு 50, 60 வயது. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், வேலைக்கும் விடை கொடுத்தாயிற்று. ஆனால், 80 வயதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ ஊரில் இருக்கிறார்கள். 'அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டார்' என்று போன் வந்தால் எத்தனை நாளில் போய்ச் சேரலாம்? பயணத் திட்டமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போடப்படுகிறது.

புயல் காலம், பெற்றோருக்கான காலம்

அட்லான்டிக்கில் சூறாவளி காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் புயல் பாதையை விட்டு படகு விலகியிருக்க வேண்டும் என்பது பல இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் நிபந்தனை. வடக்கு அட்சரேகை 12 டிகிரியை ஒட்டி இருக்கும் கிரெனடாவுக்குப் புயல் வருவது குறைவு. வரவே வராது என்று சொல்ல முடியாது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் தீவைப் புரட்டிப்போட்டது. 2024 ஜூலை 1-ல் பெரில் புயல், கிரெனடாவைச் சேர்ந்த கரியகூ தீவைத் தாக்கியது. அங்கே அலையாத்திக் காட்டுக்குள் ஒதுங்கி நின்ற படகுகள்கூட ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன.

அதனால் பலர் படகைத் தண்ணீரில் விடுவதில்லை. ராட்சதத் தூக்கி ஒன்று, பட்டைகளைக் கொடுத்துப் படகைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவருகிறது. இரும்புத் தாங்கிகளில் நிறுத்தி, தரையில் புதைத்த கொக்கிகளோடு இறுகக் கட்டுகிறார்கள். பாய்களைக் கழற்றி மடித்து உள்ளே வைத்துப் பூட்டியபின் தம்பதி ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறார்கள். விமான நிலையமும் இதே தென்கரையில்தான். மயாமிக்குச் சுமார் 4 மணி நேரம், லண்டனுக்குச் சுமார் 9 மணி நேரம்.

அடுத்த சில மாதங்கள் அம்மா, அப்பாவோடு. கண் ஆபரேஷன், பல் செட், பேங்க் வேலை, ஒழுகும் கூரை என்று தள்ளிப்போட்ட எல்லாம் அப்போதுதான் நடக்கும்.

சைக்கிள் வேகத்தில் ஓர் உலகம்

பாய்மரப் படகு சராசரியாக மணிக்கு 5, 6 கடல் மைல் போகும். அதாவது 9 முதல் 11 கிலோமீட்டர். மெதுவாக மிதிக்கும் சைக்கிளின் வேகம். கரீபியனில் இதனால் பெரிய கஷ்டமில்லை. தீவுக்குத் தீவு ஒரு பகல் தூரம், பல தீவுகளில் விமான நிலையமும் உண்டு.

பனாமா கால்வாயைத் தாண்டி பசிபிக்கில் இறங்கிவிட்டால் கதையே வேறு. கலாபகஸ் தீவுகளிலிருந்து பிரெஞ்சு பாலினேசியாவின் மார்க்கேசஸ் தீவுகளுக்குச் சுமார் 3,000 கடல் மைல். மூன்று, நான்கு வாரப் பயணம். வழியில் ஒரு தீவு கிடையாது. கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். பாதி வழியில் திரும்ப நினைத்தால், அந்தக் காற்றையும் அலையையும் எதிர்த்துப் போக வேண்டும். அதைவிட முன்னே போய்ச் சேர்வதே சுலபம். மார்க்கேசஸைத் தொட்ட பிறகும் தஹிட்டிக்கு ஒரு விமானம், அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு 8 மணி நேரம், அதன்பிறகுதான் சொந்த ஊருக்கு விமானம்.

முன்பெல்லாம் நடுக்கடலில் ரேடியோவும் சாட்டிலைட் போனும்தான் துணை. இப்போது செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டது. நடுக்கடலில் இருந்தபடியே அம்மாவை வீடியோ காலில் பார்க்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் அம்மாவையும் பார்க்கலாம். தூரம் மட்டும் குறையவில்லை.

இதனால் பனாமா வரை வந்துவிட்டு, 'அப்பா இருக்கும்வரை பசிபிக் வேண்டாம்' என்று கரீபியனிலேயே சுற்றுகிறவர்கள் உண்டு. பசிபிக்குக்குப் போகிறவர்களும் அங்கே புயல் காலம் தொடங்கும் நவம்பருக்குள் நியூசிலாந்தின் ஒபுவா போன்ற துறைகளை அடைந்து, படகை விட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள்.

அக்காவின் கணக்கு

படகில் இருப்பவர் வருடத்துக்கு ஒருமுறை பரிசுப் பொருள்களோடு வருவார். ஊரில் இருக்கும் அக்காவோ தம்பியோதான் மாத்திரை வாங்குவார், ராத்திரியில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார், வேலைக்கு லீவு போடுவார். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய நம் வீடுகளும் பார்க்கிற காட்சிதான் இது. 'நீ ஜாலியா சுத்து, நான் பார்த்துக்கிறேன்' என்ற வார்த்தைக்குள் எவ்வளவு பாசம், எவ்வளவு கோபம் என்பது அவரவர் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

கிளம்பும் முன்பே இதைப் பேசிவிடும் குடும்பங்கள் பின்னால் அதிகம் சண்டை போடுவதில்லை. அவசரத்தில் சிகிச்சைக்கு யார் சம்மதம் சொல்வது, வீட்டில் உதவியாளர் வைத்தால் யார் சம்பளம் கொடுப்பது, அக்காவுக்கு ஓய்வு தர வருடத்தில் எந்த இரண்டு மாதம் படகுக்காரர் வந்து தங்குவது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். சட்டப்படி கையெழுத்திட வேண்டியதை அம்மா, அப்பா நினைவோடு இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. முக்கியமாக, அவர்களிடமே கேட்க வேண்டும். 'போய்ட்டு வா' என்று மனதாரச் சொல்லும் பெற்றோரும் உண்டு. சொல்லிவிட்டு, தினமும் வரைபடத்தில் படகின் புள்ளியைத் தேடுகிறவர்களும் உண்டு.

நவம்பரில் கிரெனடாவின் படகுத் தளங்கள் மறுபடி சுறுசுறுப்பாகும். அடிப்பாகத்தைச் சுரண்டி, புதுப் பெயின்ட் அடித்து, படகுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்குவார்கள். சில படகுகளுக்கு ஆள் வருவதில்லை. அடுத்த சீசனும் தாங்கியிலேயே நிற்கும். சிலவற்றின் கம்பியில் 'விற்பனைக்கு' என்ற அட்டை தொங்கும். அந்த வீட்டுக்காரர்கள் ஏதோ ஓர் ஊரில், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கலாம்.