மூடி வைத்ததும் திறந்து வைத்ததும்

வரப்பில் நடக்கும்போதே வாசம் வந்துவிட்டது. இட்லி மாவு பொங்கி வழிந்த அடுப்படிக்குப் பக்கத்திலேயே மாட்டுக்கொட்டிலும் இருந்தால் எப்படியிருக்கும், அப்படி. திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகும் வழியில் ஓர் ஊர். மாசி மாதம். சம்பா அறுத்த தாள் அப்படியே நிற்க, அதனூடே உளுந்து பச்சை கட்டியிருந்தது. வரப்பு முடிகிற இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே நான்கு பெண்கள், பதினோரு நீல டிரம்கள்.

மகளிர் குழுவாகச் சேர்ந்து, பயிருக்குத் தெளிக்கும் பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் தயாரிக்கிறார்கள். மூத்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். மற்ற மூவரும் அவரை அக்கா என்றதால் எனக்கும் அக்காதான்.

ஒரு பஞ்சகவ்யா டிரம்மின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அதை அவிழ்த்து மூங்கில் கழியை உள்ளே விட்டார். வலப்பக்கமாகச் சுற்றினார், பிறகு இடப்பக்கம். அடியிலிருந்து நுரை குமிழ் குமிழாக ஏறி வந்தது. பசுஞ்சாணத்தையும் நெய்யையும் பிசைந்து மூன்று நாள் வைக்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு 7 கிலோ சாணத்துக்கு 1 கிலோ நெய். அதன்பின் கோமியமும் தண்ணீரும் பத்துப் பத்து லிட்டர் சேர்த்து 15 நாள். அப்புறம்தான் பால், தயிர், இளநீர், வெல்லம், பன்னிரண்டு பூவன் பழம். முப்பதாம் நாள் கரைசல் தயார். கோவில் பிரசாதமாக இருந்த பஞ்சகவ்யத்தை இப்படிப் பயிருக்குரியதாக்கிப் பரப்பியவர் கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன்.

அளவுகளை எந்தக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம். காலையும் மாலையும் விடாமல் கலக்குகிற கையைப் படித்து வாங்க முடியாது. போன சித்திரையில் ஊர்த் திருவிழா. இரண்டு நாள் யாரும் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

"மூணாம் நாளு வந்து தொணிய அவுத்தா அழுகுன முட்ட நாத்தம், தம்பி. மேலெல்லாம் புழு. ஒரு டிரம்மு முழுக்கக் குப்பக் குழியில கொட்டுனோம். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல."

கலக்கும்போது காற்று உள்ளே போகிறது. காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதில் பெருகுகின்றன. கலக்காமல் விட்டால் காற்று தீர்ந்து, அழுக வைக்கிற கூட்டம் தலையெடுக்கும். அக்கா பாக்டீரியா என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. "அதுக்கு மூச்சு வேணும்" என்றுதான் சொன்னார்.

கொட்டகையின் மறுமூலையில் இருந்த டிரம்களுக்கு நேர்மாறான சட்டம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மேலே கொஞ்சம் வெற்றிடம், இறுக்கிய மூடி. 21 நாள் தொடக்கூடாது. வெல்லத்தின் இனிப்பைத் தின்று பெருகும் உயிர்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் அழுக வைக்கும் கிருமிகள் பிழைப்பதில்லை. எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி கெடாமல் இருப்பதிலும் புளிப்புக்குப் பங்குண்டு. அக்கா ஒரு துளியை என் உள்ளங்கையில் விட்டார். தேன் நிறம். முகர்ந்தால் பழுத்த பழத்தின் வாசம். செதிலும் குடலும் இப்படி மாறியிருப்பதை மூக்கு நம்ப மறுத்தது.

"நடுவுல தெறந்து பாக்கணும்னு ஆச வரும். தெறந்தாப் போச்சு. இதுக்கு மூச்சு ஆவாது."

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளித்தால் உரமே வேண்டாம் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. கரைசலில் அவ்வளவு கிடையாது. இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்றால் உழவர் ஏமாறுவார், இந்தப் பெண்களின் உழைப்பும் பொய்யாகிவிடும். இதைத் தயங்கித் தயங்கி அக்காவிடம் கேட்டேன். அவர் தயங்கவில்லை.

"இது சாப்பாடு இல்ல தம்பி, ஒற மோரு. பாலு இல்லாம ஒற மோர ஊத்தி என்ன பண்றது? குப்ப அடிச்சிருக்கணும், தக்கைப்பூண்டு மடக்கி உழுதிருக்கணும். மண்ணுல அது இருந்தாத்தான் இது வேல செய்யும்."

நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு சரியாக இல்லை.

பிறகு வயலுக்குக் கூட்டிப்போனார். உளுந்துச் செடியைப் பிடுங்கக் கை நீட்டினேன், தடுத்தார். பிடுங்கினால் வேர் முடிச்சு மண்ணோடு அறுந்து நின்றுவிடுமாம். மண்வெட்டியால் சுற்றிக் கொத்தி, மண்கட்டியோடு எடுத்து, வாய்க்கால் தண்ணீரில் அலசினார். வேரில் கடுகு கடுகாய் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் நசுக்கினார். உள்ளே இளஞ்சிவப்பு, ஈறு நிறம்.

"செவப்பா இருந்தா வேல நடக்குது. பச்சையா, சாம்பலா இருந்தா அவ்வளவுதான்."

அந்தச் சிவப்பு நம் ரத்தச் சிவப்புக்கு உறவு. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தாலும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம்தான் பிடித்துத் தருகிறது. ஆனால் அதற்குரிய நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா பிழைக்கவோ ஆக்சிஜன் வேண்டும். ஹீமோகுளோபினின் உறவான அந்தச் சிவப்புப் பொருள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, அளந்து அளந்து உள்ளே விடுகிறது. திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். கொட்டகையின் இரண்டு மூலைகளும் ஒரு கடுகுக்குள் இருப்பதைப் பார்த்து வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விதைக்கும் முன் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து உளுந்தில் பிசிறி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தியிருக்கிறார்கள். வெயிலில் கிடந்த ரைசோபியம் பொட்டலத்தை அக்கா கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

திரும்பி வருகையில், இளையவள் சாணக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கைகளை முகர்ந்து பார்த்தாள். எத்தனை கழுவினாலும் வாசம் போகாது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார யோசிக்கிறார்கள் என்றாள். வாங்க வருகிறவர்களும் "சாணிதானே" என்று விலையைக் குறைக்கிறார்களாம். முப்பது நாள், அறுபது தடவை கலக்கியதை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் ஆறவில்லை.

பொழுது சாய்ந்தது, மாலைக் கலக்கலுக்கு நேரமாகியிருந்தது. அக்கா கழியை என் கையில் தந்தார். நினைத்ததைவிடக் கனம். தோள் வலிக்கிற வரை சுற்றினேன். நுரை ஏறியது. அவர் குனிந்து கண்ணை மூடி முகர்ந்தார்.

"இன்னும் நாலு நாளு" என்றார். கரித்துண்டால் டிரம்மில் ஒரு கோடு இழுத்துவிட்டு, துணியைக் கட்டினார்.