மிடியும் கோவும்

‘மிடி’ என்னும் சொல்லுக்கு அகராதியில் வறுமை என்று பொருள். அதை வீட்டுக்கு வா என்று அழைப்பவர் உலகத்தில் யாரும் இல்லை. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நெருங்கிவிட்டால், “மிடி வந்து சேர்ந்ததா?” என்று ஒருவரையொருவர் ஆவலுடன் விசாரித்துக்கொள்வது வழக்கமாகியிருக்கிறது. சென்ற வருஷம் இதைக் காதில் வாங்கிய தமிழாசிரியர், “அது நம் வீட்டுக்கெல்லாம் எப்போதோ வந்துவிட்டதே, ஸார்! இன்னும் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?” என்றார்.

நாங்கள் காத்திருந்தது ஒரு கம்பிக்காக. கணினியையும், லைட் போர்டு என்று சொல்லப்படும் விளக்குப் பலகையையும் இணைக்கும் கம்பி அது. புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூட நாடகத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நாடகத்தில் வெளிச்சம் என்பது முகம் தெரிவதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல. 1959-ல் கல்கத்தாவின் மினர்வா அரங்கில் உத்பல் தத் நடத்திய ‘அங்கார்’ நாடகத்தில், தபஸ் சென் வெளிச்சத்தையும் நிழலையும் கொண்டே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதைக் காட்டினார். எங்கள் மாணவர்களுக்கு அவ்வளவு பேராசை கிடையாது. அரசவை இருள வேண்டும். காட்டில் பொழுது விடிய வேண்டும். மின்னல் வெட்டி இடி இடிக்க வேண்டும். ஆனால் இந்த மின்னலும் இடியும் எங்களைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. இடி ஒருவர் கையில், மின்னல் வேறொருவர் கையில். ஒருவருக்கொருவர் ஜாடை காட்டி முடிப்பதற்குள் இடி முந்திக்கொள்ளும். மின்னல் சாவதானமாகப் பிறகு வந்து சேரும். பௌதிக ஆசிரியர் நெளிந்துகொண்டே நாடகம் பார்ப்பார்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான் மிடி வந்தது. உண்மையில் அது சங்கீத வாத்தியங்களுக்காக ஏற்பட்ட பாஷை. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் அனாஹைம் நகரத்தில் நடந்த கண்காட்சியில், அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் மின்சார வாத்தியத்தையும் ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் வாத்தியத்தையும் கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றொன்றும் ஒலித்தது. கம்பி வழியே போவது நாதமல்ல; வெறும் எண்கள். ‘இந்த ஸ்வரத்தை இவ்வளவு அழுத்தத்துடன் வாசி’ என்னும் கட்டளை மூன்றே எண்களில் அடங்கிவிடும். ஸ்வரத்துக்கும் அழுத்தத்துக்கும் 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. கட்டளை போய்ச் சேர ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்.

‘60-ஆம் ஸ்வரம் வந்தால் நீ பாட வேண்டாம், 12-ஆம் விளக்கு அமைப்பைக் கொண்டு வா’ என்று விளக்குப் பலகைக்குச் சொல்லி வைத்துவிட்டால்? சூக்ஷுமம் அவ்வளவுதான். 1991-ல் மேடைக்கென்றே இந்தப் பாஷையில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இன்ன இடத்தில் இன்னது நடக்க வேண்டும் என்னும் குறிப்பை நாடகக்காரர்கள் ‘கியூ’ என்பார்கள். புதிய பிரிவில் ஸ்வரத்தின் தயவே இல்லாமல், ‘12-ஆம் கியூ, கோ’ என்று நேராகவே ஆணையிடலாம். 2006-ல் வெளிவந்த கியூலேப் போன்ற மென்பொருள்களில் இடி, பாட்டு, விளக்குக் கட்டளை யாவும் வரிசையாக நிற்கும். மேலே ‘கோ’ என்று பெரிய பொத்தான். அதைத் தட்டினால் மின்னல் முன்னும் இடி அரை விநாடி பின்னுமாக வந்து பௌதிக சாஸ்திரத்தைக் காப்பாற்றிவிடும்.

கணினிக்கு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. முதற்கியூவுக்கு இத்தனை விநாடி கழித்து இரண்டாவது, அதற்குப் பின் மூன்றாவது என்று எல்லாவற்றையும் சங்கிலியாகக் கோத்துவிடலாம். ஒரு தடவை ‘கோ’ தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விளக்கு வேலைக்கு வந்த இளைஞர், ஒத்திகையில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அப்படித்தான் கோத்து வைத்தார்.

அன்று நடந்தது திரௌபதியின் சபைக் காட்சி. பாரதியார் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற் பாகத்தை 1912-ல் வெளியிட்டது இந்த ஊரில் வசித்தபோதுதான், ஆகையால் எங்களுக்குத் திரௌபதியிடம் தனி உரிமை உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த வேஷம் போட்டிருந்தாள். சபையிலுள்ள பெரியோர்களிடம் நியாயம் கேட்டுவிட்டு அவள் மௌனமாக நிற்க வேண்டும். ஒத்திகையில் அந்த மௌனம் 4 விநாடி. அன்றிரவு அவள் ஒவ்வொருவர் முகமாக நிதானமாகப் பார்த்தாள். பீஷ்மராக இருந்த பையன் நிஜமாகவே தலையைக் குனிந்துகொண்டான். கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை. நாலாவது விநாடியில் கணினி தன் கடமையைச் செய்தது. அவள்மேல் இருந்த வெளிச்சம் அணைந்து துரியோதனன்மேல் விழுந்தது. பதிவு செய்து வைத்திருந்த சிரிப்பும் எழுந்தது. அவளுடைய அடுத்த வார்த்தைகள் இருட்டிலிருந்து வந்தன.

நாடகம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, “ஸார், நான் சீக்கிரம் பேசியிருக்க வேண்டுமோ?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அத்தனை பேரையும் மூச்சடக்க வைத்த குழந்தை, யந்திரத்தின் கணக்குக்குத் தான் பிந்திவிட்டதாக நினைக்கிறாள்! “இல்லை, அம்மா. நீ நின்றதுதான் சரி. வெளிச்சம்தான் உனக்காகக் காத்திருக்க வேண்டும்” என்றேன்.

யந்திரத்தைத் திட்டுவது சுலபம், ஆனால் நியாயமல்ல. பதிவு செய்த பாட்டுக்கு ஆடும் நடனமானால் சங்கிலியைப் போல் உத்தமமானது வேறில்லை. பாட்டு என்றைக்கும் ஒரே அளவு. ஆடுகிறவர் அதற்குக் கட்டுப்பட்டவர். வசனமும் மௌனமும் அப்படியல்ல. அவை அன்றைய மூச்சைப் பொறுத்தவை. நம் முன்னோர்கள் இந்த வித்தியாசத்தை நன்கு அறிந்திருந்தார்கள். தெருக்கூத்தில் வெளிச்சம் என்னவோ தீவட்டியும், பிறகு பெட்ரோமாக்ஸும்தான். ஆனால் மத்தளக்காரரின் கண் ஆடுகிறவரின் காலைவிட்டு அகலாது. அடி எப்போது விழுகிறதோ அப்போதுதான் மத்தளம் பேசும்.

1918-ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே நாடக சபை அமைத்த சங்கரதாஸ் சுவாமிகள், 1922-ல் இந்தப் புதுச்சேரியில்தான் காலமானார். அந்த நாள் சபைகளில் நாடகம் கற்பிப்பவருக்கு ‘வாத்தியார்’ என்றே பெயர். குழந்தைகளைத் தயார் செய்துவிட்டு, மேடையை அவர்களிடமே ஒப்படைத்துவிடுவது வாத்தியார் தொழில். அந்தப் பெயரைச் சுமக்கும் நானும் அவ்விதமே ஏற்பாடு செய்தேன்.

இப்போது எங்கள் நாடகத்தில் பேச்சு நடக்கும் இடங்களில் சங்கிலி கிடையாது. ஒவ்வொரு கியூவும் ‘கோ’வுக்காகக் காத்து நிற்கும். பொத்தானருகே ஒரு மாணவி உட்காருகிறாள். மேடை முழுவதும் தெரியும் இடத்தில் அவளுக்கு நாற்காலி. ஒத்திகை ஒன்றையும் அவள் தவறவிடக் கூடாது. வசனம் முழுவதும் அவளுக்கும் பாடம். “கணினியைப் பார்க்காதே, மேடையைப் பார்” என்பது ஒன்றே உத்தரவு. கட்டளை கம்பியைக் கடக்க வேண்டிய நேரம் மிகச் சிறிது. அதை எந்தக் கணத்தில் அனுப்புவது என்று அறிவதற்கு அவளுக்கு மூன்று வார ஒத்திகை தேவைப்படுகிறது.

தமிழில் ‘கோ’ என்றால் அரசன். பொத்தானில் அந்தச் சொல்லைப் பொறித்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. என்றாலும் பொருத்தமான பெயர்தான். குடிகளின் முகத்தைப் பார்த்த பிறகு ஆணையிடுகிறவன்தானே நல்ல அரசன்?